கவுண்டரில் வாங்கிய டோக்கன்

இயேசு மரி சூசை துணை

கடலூர் முதுநகர்,
07.05.2025

அன்பு மகன் சகாய ஆனந்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் மனைவி பெலிசியா, குட்டி ஷாலினி நாலு பேரும் ஆண்டவர் கிருபையில் சுகம். சுகம் என்றால் உடம்புக்கு. மனதுக்கு எப்படி என்பதைப் பின்னால் எழுதுகிறேன். புனேயில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம், ஆனால் போன ஞாயிறு வீடியோவில் உன் கன்னம் ஒட்டிப்போயிருந்ததை அம்மா பார்த்துவிட்டாள், அன்றிலிருந்து ஆனந்து இளைச்சிட்டான் இளைச்சிட்டான் என்று ஒரே பாட்டு. கத்திரி வெயில் நாலாம் தேதி ஆரம்பித்துவிட்டது, பதினோரு மணிக்கு மேல் முதுநகர் தெருவில் காக்காகூட இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் மே மாதம் மாதா வணக்க மாதம் என்பதால் தினமும் சாயங்காலம் எந்த வீட்டில் செபமாலை என்றாலும் போய்விடுகிறாள். பன்னிரண்டாம் தேதி நம் வீட்டு முறை. என்னோடு இருபது வருஷம் வண்டி ஓட்டிய கொளஞ்சியப்பன் பண்ருட்டியிலிருந்து ஒரு பலாப்பழம் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். அப்பாவுக்கு நாலு சுளை எடுத்து வைங்க தாத்தா என்று ஷாலினி சொல்கிறது, நீ ஜூனில்தான் வருவாய் என்று சொன்னால் பிரிட்ஜில் வைங்க என்கிறது.

போன் இருக்கும்போது இந்தக் கிழவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் சொல்ல மூன்று நாளாகப் பார்க்கிறேன், வாய் வரவில்லை. உன் குரல் கேட்டதும் சாப்பிட்டியா, அங்க மழையா என்று எதையாவது கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். எழுதினால் நடுவில் நீ என்னப்பா என்று கேட்க முடியாது, நானும் பேச்சை மாற்ற முடியாது. எழுதி முடித்ததும் பெலிசியா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவாள், தாள் பின்னாலேயே ஸ்பீடு போஸ்டில் வரும். பதினைந்தாம் தேதிக்கு முன்னால் உனக்குத் தெரிந்தாக வேண்டிய விஷயம் இது, ஆபீஸில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து படிக்காதே, ரூமுக்குப் போய்ப் படி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ சிதம்பரம் ஸ்கூல் வேலையை விட்டபோது நான் எதுவும் சொல்லவில்லை என்று நீ பெருமையாகச் சொல்வாய். சொல்லவில்லையே தவிர பயந்துதான் போனேன். ஒன்பது வருஷம் கணக்கு வாத்தியார், கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எந்த பஸ்ஸில் ஏறினாலும் ஒரு பிள்ளையாவது எழுந்து எனக்கு இடம் விடும், ஆனந்த் சாரோட அப்பாடா என்று பின்னால் கிசுகிசுக்கும். இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக இருந்து நான் யாரையோ உட்கார வைத்தேன், என்னை உட்கார வைத்தது உன் வேலை. அதை விட்டுவிட்டு ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரில் படித்து, முப்பத்திநாலு வயதில், உன்னைவிடப் பத்து வயது சின்னப் பிள்ளைகளோடு புனே சாப்ட்வேர் கம்பெனியில் டிரெய்னியாகப் போய் உட்கார்ந்தாய். நீ எழுதும் புரோகிராமை அவர்கள் பார்த்துத் திருத்துவார்கள் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிவியில் தினம் ஒரு செய்தி, இத்தனை ஆயிரம் பேரைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது, இனிமேல் மெஷினே எழுதிக்கொள்ளும் என்று. சேனலை மாற்றுகிறேன், அங்கேயும் அதே ஆள் வந்து அதையே சொல்கிறான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் கம்பெனி அந்தக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனிலேயே டோக்கன் போடும் பக்கம் செய்கிறது, அதில் தமிழ்ப் பக்கம் முழுக்க உன் பொறுப்பு, சிதம்பரத்தில்தான் முதலில் திறக்கப்போகிறார்கள் என்று சொல்லி, ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை, திறக்கும் முன்பே போட்டுப் பார்க்க எனக்கு லிங்க் அனுப்பினாய். எப்படியும் வலது கண்ணைக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன் இல்லையா. பெலிசியாவ கேக்காதீங்க, அவ போன்ல பொறந்து வளந்தவ, நீங்க தனியா போட்டுப் பாருங்கப்பா, எங்க நிக்குதுன்னு சொல்லுங்க, உங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் இது என்று சொன்னாய். சாயங்காலமே போட்டாச்சு சூப்பரா இருக்கு என்று நான் செய்தி அனுப்பினேன். வியாழக்கிழமை, போனைக் காட்டி வாங்கியது என்று சொல்லி டோக்கன் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினேன், நாற்பத்து மூன்றாம் நம்பர். நீ பதிலுக்கு வரிசையாகச் சிவப்பு இதயமாக அனுப்பினாய்.

ஆனந்து, அந்த டோக்கன் உன் பக்கத்தில் போட்டது இல்லை. ஆஸ்பத்திரி கவுண்டரில் நின்று வாங்கியது.

நடந்ததைச் சொல்கிறேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வாசல் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எழுத்தெல்லாம் சாம்பல் நிறத்தில், கடுகு அளவுக்கு இருந்தது. கண்ணாடி அழுக்கு என்று நினைத்து வேட்டியில் துடைத்தேன், போனைத் துடைத்தேன், பிறகுதான் தெரிந்தது அந்தப் பக்கமே அப்படித்தான் என்று. கண் தெரியவில்லை என்றுதானப்பா ஒருவன் கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறான். தமிழ் வேண்டுமா என்பதை இங்கிலீஷில் கேட்கிறது. எப்படியோ அதைத் தாண்டினால் பெயர் கேட்டது, முதல் பெயர் கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். எனக்கு ஏது கடைசிப் பெயர்? என் அப்பா அந்தோணிசாமி பெயரை இனிஷியலாகப் போட்டு அ. ஜோசப்ராஜ் என்று எழுதினால், தவறான பெயர் என்று சிவப்பில் வந்து நின்றது. அறுபத்தாறு வருஷமாக எனக்கு இருக்கிற பெயர், ரிட்டயர்மெண்ட் ஆர்டரில் உள்ள பெயர், அதைத் தவறு என்கிறது உன் பக்கம். எனக்குக் கோபம் வந்துவிட்டது, உனக்கு வராதா? புள்ளியை எடுத்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் அப்பா பெயரையே போட்டேன், ஏற்றுக்கொண்டது. அடுத்தது பிறந்த தேதி. இந்த மாதம் இந்த வருஷத்துக் காலண்டர் திறந்தது, பின்னால் போக ஒரு சின்ன அம்புக்குறி, ஒருமுறை அழுத்தினால் ஒரு மாதம். நான் பிறந்தது ஐம்பத்தொன்பதில். அழுத்தினேன் அழுத்தினேன், கட்டைவிரல் மரத்துப்போய் தொண்ணூற்றாறு வந்ததும் போதும் என்று விட்டுவிட்டேன். உன் பக்கத்தின்படி நான் உன்னைவிட ஐந்து வயது சின்னவன்.

அதோடு முடிந்ததா என்றால் கடைசியில் ஓடிபி கேட்டது. குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு போலீஸ்காரர் மைக்கில் வந்து, யார் ஓடிபி கேட்டாலும் சொல்லாதீங்க, பெத்த புள்ள கேட்டாலும் சொல்லாதீங்க என்று எச்சரித்துவிட்டுப் போனார். கேட்கிறது என் பெற்ற பிள்ளை செய்த பக்கம். கொடுக்கலாமா வேண்டாமா என்று அஞ்சு நிமிஷம் யோசித்துவிட்டு, சரி கொடுப்போம் என்று நம்பரைப் பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பி வந்தால் பக்கம் மொத்தமும் காலி. பெயர் இல்லை, தேதி இல்லை, மறுபடி முதலிலிருந்து தமிழ் வேண்டுமா என்று இங்கிலீஷில் கேட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். மானம் தடுத்தது. எங்கள் டிப்போவில் டிக்கெட் மெஷின் வந்தபோது ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டவன் நான், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். உன் பக்கம் எனக்கு வரவில்லை என்று எப்படிச் சொல்வது, அதுவும் என்னை நம்பி என்னிடம் கொடுத்ததை. அதனால் வியாழக்கிழமை விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்துச் சிதம்பரம் போய், வழக்கம்போல வரிசையில் நின்று சீட்டு வாங்கி, அதை உனக்கு அனுப்பினேன். வரிசையில் எனக்கு முன்னால் கிள்ளையிலிருந்து வரும் லோகநாயகி நின்றார், மீன்கூடையோடு என் பஸ்ஸில் ஏறுவாரே, அவர்தான். கவுண்டரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது, மே பதினைந்து முதல் காலை டோக்கன் போனில் மட்டும் என்று. அதை யாரோ படித்துச் சொல்ல, இனிமே போன்லதான் போடணுமாம்ண்ணே, நான் எங்கண்ணே போவேன், எனக்கு ஒண்ணும் தெரியாதேண்ணே என்று அந்தம்மா பயந்துபோய்க் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பயப்படாதம்மா, எம்புள்ள செஞ்சதுதான் அது, ரொம்ப ஈஸி, நானே போட்டேன் என்று சொன்னேன். அந்தம்மா அதை நம்பி, அப்ப சரிண்ணே என்று தலையாட்டினார். அன்றைக்கு ராத்திரி அந்த முகம்தான் கண்முன் நின்றது.

பிறகு போன ஞாயிற்றுக்கிழமை லீவிலும் ஆபீஸிலிருந்தே நீ வீடியோவில் வந்து, உன் மேனேஜர் அம்மாவையும் பக்கத்தில் நிறுத்தி, கடலூரில் இருக்கும் அறுபத்தாறு வயது அப்பா தனியாகவே டோக்கன் போட்டார் என்று மீட்டிங்கில் எல்லோருக்கும் படம் காட்டினேன் என்று சொன்னாய். அந்தம்மா கைகூப்பி தேங்க்யூ அங்கிள் என்றார். இதை வைத்துத்தான் சொன்னபடி பதினைந்தாம் தேதியே திறப்பது உறுதியாகிவிட்டது, அது நல்லபடியாக நடந்தால் மாதக் கடைசியில் வேலை நிரந்தரம், ஜூனில் வந்து பெலிசியாவையும் ஷாலினியையும் கூட்டிப்போவேன் என்றாய். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். போனை வைத்ததும் பெலிசியா பாத்திரம் கழுவிக்கொண்டே, மாமா அந்தப் போட்டோல இருந்தது மஞ்சச் சீட்டு, அது கவுண்டர்ல குடுக்குறதாச்சே என்றாள். கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறவளுக்குச் சீட்டு தெரியாதா? நான் சொன்னா அது கோள் மூட்டுறது மாமா, நீங்களே சொல்லிடுங்க, சீக்கிரம் சொல்லிடுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உனக்கு அமைந்தவள் நல்லவள், அவளிடம் கோபித்துக்கொள்ளாதே, அவள் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மானத்துக்குப் பொய் சொன்னேன் என்பது முதல் இரண்டு நாளுக்குத்தான் உண்மை. அதற்குப் பிறகு வேறு ஒரு நினைப்பு வந்தது. நீ வேலையை விட்டதும் நான் உனக்குத் தெரியாமல் ஸ்கூல் தாளாளர் சாமியாரைப் போய்ப் பார்த்து, ஜூன் வரைக்கும் அந்த இடத்தில் யாரையும் நிரந்தரமாகப் போட வேண்டாம், பையன் திரும்பி வந்தாலும் வருவான் என்று கெஞ்சியிருந்தேன். அவரும் உன் மேல் உள்ள மதிப்பில் ஒத்துக்கொண்டு, தேவநாதன் என்று ஒரு பையனைத் தற்காலிகமாக வைத்துத்தான் வகுப்பு ஓட்டுகிறார். உன் பக்கம் சரியில்லை என்று உலகத்தில் தெரிந்தவன் நான் ஒருவன். சொல்லாமல் இருந்தால் அது விழும், அது விழுந்தால் நீ வீட்டுக்கு வருவாய், ஷாலினி பையை மாட்டிக்கொண்டு புனேக்குப் போக வேண்டாம், மறுபடி யாராவது எழுந்து எனக்கு பஸ்ஸில் இடம் விடுவான். பெற்ற அப்பனே இப்படி நினைத்தேன் ஆனந்து. வாயால் உனக்கு செபம் சொல்லிக்கொண்டு மனதில் நீ தோற்க வேண்டும் என்று இருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னாலும் உன்னிடம் சொல்லாமல் எனக்கு அது தீராது.

நீ வாத்தியாராக இருந்தபோது சாப்பிடும் நேரத்தில் ஒன்று சொல்வாய். புரிஞ்சுதான்னு கேட்டா நாப்பது பேரும் புரிஞ்சுது சார்னு கத்துவானுங்கப்பா, கடைசி பெஞ்சுல ஒருத்தன எழுப்பி போர்டுக்கு வரச் சொன்னாத்தான் ஒண்ணும் புரியலன்னு தெரியும் என்பாய். நான் சூப்பரா இருக்கு என்றது அந்தக் கத்தல்தான். பஸ்ஸிலும் அப்படித்தான், ஊர் தெரியாதவன் தெரியாது என்று வாய் திறக்க மாட்டான், ஆலப்பாக்கத்தில் இறங்க வேண்டியவன் புதுச்சத்திரத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடப்பான். நாற்பது பிள்ளைகளிடம் ஏமாறாத நீ அப்பாவிடம் ஏமாந்துவிட்டாய், ஏனென்றால் என்னைப் போர்டுக்குக் கூப்பிடவில்லை. கம்ப்யூட்டர் வேலைக்குப் போனதும் வாத்தியார் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டாயோ என்னவோ, இந்தப் பக்கத்துக்கு அந்த வாத்தியார்தான் வேண்டும்.

அதனால் நேற்று மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை பெலிசியாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, நீ வாயைத் திறக்கக் கூடாது, நான் எங்கே முழிக்கிறேனோ அதை எழுதிக்கொண்டே வா என்றேன். அவள் பாவம், சொல்லித்தர வாய் துடித்தும் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஒரு மணி பத்து நிமிஷம், ஒன்பது இடத்தில் நின்றேன், டோக்கன் கிடைக்கவில்லை. அம்மாவும் நான் பாக்குறேன் குடுங்க என்று வாங்கி, பெயர்க் கட்டத்திலேயே மாட்டிக்கொண்டு மாதாவே என்றாள். எல்லாம் தனித் தாளில் இருக்கிறது, எந்த இடம், நான் என்ன நினைத்தேன், எதை அழுத்தினேன் என்று. அழகாகப் படி எடுக்கவில்லை, அவள் எழுதியபடியே வருகிறது.

இனி நீ செய்ய வேண்டியது உன் இஷ்டம், எனக்கு உன் தொழில் தெரியாது. ஆனால் பதினைந்தாம் தேதி அதை இப்படியே திறந்தால் லோகநாயகி மாதிரி நூறு பேர் காலையில் பட்டினியாக வந்து நின்று திரும்பிப் போவார்கள், பிறகு யார் செய்தது என்று தேடினால் உன் பெயர்தான் வரும். மேனேஜர் அம்மாவிடம் நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு. என் அப்பா பொய் சொல்லிவிட்டார் என்றே சொல், எனக்கு ஒரு குறையும் இல்லை, வேண்டுமானால் நானே வீடியோவில் வந்து சொல்கிறேன். அந்தம்மா கோபப்பட்டு இவன் வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்களோ என்று எனக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. என் பொய்யால் நீ மாட்டினாய், என் உண்மையாலும் மாட்டுவாயோ என்று பயமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லாமல் விட எனக்குத் தைரியம் இல்லை.

இன்று காலை ரிட்டயர்டு ஆட்களுக்குத் தரும் பாஸைக் காட்டி பஸ் ஏறிச் சிதம்பரம் போய்த் தாளாளர் சாமியாரைப் பார்த்தேன். அந்த இடத்தைத் தேவநாதனுக்கே கொடுத்துவிடுங்கள் சாமி, ஆனந்துக்காகப் பிடித்து வைக்க வேண்டாம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, கிழிச்ச டிக்கெட்டத் திருப்பி வாங்குற மொத கண்டக்டர் நீங்கதான் என்றார். உன்னைக் கேட்காமல் வைக்கச் சொன்னேன், உன்னைக் கேட்காமலே விடச் சொல்லிவிட்டேன், இரண்டும் தப்புதான், திட்டு. ஆனால் அந்த இடம் காலியாக இருக்கும்வரை நான் உனக்கு நல்லது நினைக்க மாட்டேன் என்று எனக்கே தெரிந்துவிட்டது. திரும்பி வரும்போது பி.முட்லூர் தாண்டும்வரை, இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். நாளைக்கே அங்கே உனக்கு வேலை இல்லை என்று ஆனால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. நம் வீடு இருக்கிறது, அது ஒன்றுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.

ராத்திரி தயிர் சாப்பிடாதே, கழுத்துவலிக்குத் தலையணையை மாற்று, ஞாயிறு பூசையை விடாதே. நான் செய்ததற்கு என் மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அம்மாவிடம் மட்டும் வழக்கம்போலப் பேசு, அவளுக்குப் பாதிதான் தெரியும். ஆரோக்கிய மாதா உனக்குத் துணை இருக்கட்டும், உன் கைவேலையை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும், ஷாலினி நெற்றியில் சிலுவை போடும்போதெல்லாம் உனக்கும் சேர்த்துத்தான் போடுகிறேன்.

மறக்காமல் இதையும் படித்துக்கொள். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் பண்ணியாக வேண்டும், டோக்கன் போட்டு நாள் வாங்கிக்கொண்டு வாங்க என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பதினைந்தாம் தேதிக்குப் பிறகும் மத்தியானம் போனால் கவுண்டரில் கொடுப்பார்கள், பெலிசியாவிடம் சொன்னால் அவள் ஒரு நிமிஷத்தில் போட்டுவிடுவாள். இரண்டும் எனக்கு வேண்டாம். நீ திருத்தி முடித்ததும் சொல், நான் தனியாக உட்கார்ந்து உன் பக்கத்தில்தான் போடுவேன். அதுவரை இந்தக் கண் இப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
அ. ஜோசப்ராஜ்